எழுதிய கையும் எழுத்துக் கோத்த கையும்: செராம்பூர் வில்லியம் வார்டு

இந்திய மொழிகள் அச்சேறிய வரலாற்றைக் கூறப் புகுவோர் வங்காளத்துச் செராம்பூரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. செராம்பூரைக் கூறுவோர் வில்லியம் கேரியின் பெயரை முதலிற் கூறுவர். அடுத்து ஜோஷுவா மார்ஷ்மனைக் கூறுவர். மூன்றாவதாக, பெரும்பாலும் ஒரே வரியில், வில்லியம் வார்டின் பெயர் வரும். ‘அச்சடித்தவர்’ என்ற ஒரு குறிப்போடு அவர் வரலாறு முடிந்துவிடும்.

அச்சடிப்பதற்கு முன் அவர் பத்திரிகையாசிரியர். இங்கிலாந்தில் மூன்று ஊர்களின் செய்தித்தாள்களில் பணியாற்றியவர்; அரசியற் சீர்திருத்தத்துக்காகக் கூர்மையாக எழுதியவர். அப்பேனாவை மடக்கி வைத்துவிட்டு, முப்பதாம் வயதில், தாம் அறியாத மொழிகளின் எழுத்துகளைக் கோக்கவும், பிறர் எழுதியதைத் திருத்தவும், கோக்கவும் திருத்தவும் பிறரைப் பழக்கவும் அவர் வங்காளம் வந்தார். அவ்வாழ்வின் பயன் யாது என்னும் வினா எழுத்தாளர் எவர்க்கும் அயலானதன்று.

டெர்பி நகரத்து இளைஞர்

வார்டு 1769 அக்டோபர் 20ஆம் நாள் இங்கிலாந்தின் டெர்பி நகரில் பிறந்தார். தந்தை தச்சரும் கட்டடம் கட்டுவோருமாவார். அவர் வார்டின் இளமையிலேயே மறைந்தார். தாயே மகனை வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டெர்பியில் ‘டெர்பி மெர்க்குரி’ என்னும் செய்தித்தாளை வெளியிட்டு வந்த டுரூரி என்பாரின் அச்சகத்தில் வார்டு தொழில் பயிலச் சேர்ந்தார். எழுத்துக் கோத்தல், மெய்ப்புத் திருத்தல், செய்தி எழுதுதல், தலையங்கம் தீட்டுதல் என்று படிப்படியாக உயர்ந்து அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பையே ஏற்றார். பின்னர் ஸ்டாஃபோர்டிலும் அதன்பின் ஹல் துறைமுக நகரிலும் இதழ்ப் பணி செய்தார்.

பிரெஞ்சுப் புரட்சியின் அலை இங்கிலாந்தைத் தொட்டிருந்த காலம் அது. டெர்பியில் அரசியற் சீர்திருத்தம் வேண்டிய சங்கமொன்று 1792இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையை எழுதியவர் வார்டே என்று கூறுவர். அதனை மறுபதிப்புச் செய்த குற்றத்துக்காக இலண்டனின் ‘மார்னிங் க்ரானிக்கிள்’ இதழ் மீது அரசு வழக்குத் தொடுத்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர் எர்ஸ்கின் வாதாட, 1793இல் இதழார் விடுதலையாயினர். இளைஞர் ஒருவர் எழுதியதாகச் சொல்லப்படும் தாளொன்று அரசையே வழக்காட வைத்தது. எழுத்தின் ஆற்றலையும் அதன் ஆபத்தையும் வார்டு அப்போதே கண்டுகொண்டார்.

1796இல் ஹல் நகரில் அவர் பாப்டிஸ்டு சபையில் திருமுழுக்குப் பெற்றார். அரசியல் மாற்றத்தில் வைத்த நம்பிக்கை சமயத்தின்பால் திரும்பியது. மறு ஆண்டில் யார்க்ஷயரின் ஈவுட் ஹாலில் ஜான் ஃபாசெட் என்னும் போதகரிடம் சமயக் கல்வி பயிலச் சென்றார். வருவாய் தந்த ஆசிரியப் பணி அத்தோடு முடிவுற்றது.

இதற்கு முன்பே ஒரு சந்திப்பு நிகழ்ந்திருந்தது. 1793இல் கேரி இந்தியாவுக்குப் புறப்படும் முன் வார்டைக் கண்டார். விவிலியத்தை மொழிபெயர்த்த பின் அதனை அச்சிட ஆள் வேண்டும், நீர் பின்னால் வர வேண்டும் என்று அவர் சொல்லிச் சென்றார். வழியிற் கண்ட ஓர் இளைஞரிடம் சொன்ன சொல், ஆறாண்டுகளுக்குப் பின் ஓர் அழைப்பாக உருக்கொண்டது. 1799 மே மாதத்தில் மார்ஷ்மன் முதலானோருடன் ‘க்ரைட்டீரியன்’ என்னும் அமெரிக்கக் கப்பலில் வார்டு புறப்பட்டார்.

ஓர் அச்சுப்பிழையும் ஒரு புகலிடமும்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகளை விரும்பவில்லை. ஆகவே இக்குழுவினர் 1799 அக்டோபர் 13ஆம் நாள் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்த செராம்பூரில் இறங்கினர். அவ்வூர் டென்மார்க்கு நாட்டின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பிரெடரிக்ஸ்நகர் என்பது அதற்கு டேனியர் இட்ட பெயர்.

அப்போது கல்கத்தா இதழொன்று இவர்களது வருகையைச் செய்தியாக்கியது. ‘பாப்டிஸ்டு’ என அமைய வேண்டிய சொல் ‘பேப்பிஸ்டு’, அதாவது போப்பைப் பின்பற்றுவோர், என்று அச்சாகிவிட்டது. பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்த நாளில் கத்தோலிக்கப் பாதிரிமார் எனில் பிரெஞ்சு ஒற்றர்களாக இருக்கலாம் என்ற ஐயம் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆட்சியில் எழுந்தது. மெய்ப்புத் திருத்துவதிலேயே இளமையைச் செலவிட்ட ஒருவரை இந்தியாவில் முதலில் எதிர்கொண்டது ஓர் அச்சுப்பிழை! டேனிய ஆளுநர் காட்டிய உறுதியால் அவர்கள் செராம்பூரில் நிலைத்தனர்.

இவ்விடத்தில் தமிழகத்துடன் ஓர் உறவு உண்டு. இதே டேனியரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலேதான் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நிறுவித் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அது நடந்து ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் வங்காளத்திலும் டேனிய நிலத்திலேயே அச்சு வேரூன்றியது. இவ்விரு ஊர்களும் 1845இல் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

நூற்றெழுபது அடி நீளக் கூடம்

1800 ஜனவரியில் கேரி செராம்பூர் வந்து சேர்ந்தார். அவர் முன்னர்த் தங்கியிருந்த முத்னாபட்டியில் நிறுத்தியிருந்த மர அச்சியந்திரமும் உடன் வந்தது. அவ்வியந்திரத்தைக் கண்ட அவ்வூரார் அதனை வெள்ளைக்காரர் வழிபடும் தெய்வச் சிலை என்று கருதியதாக ஒரு செய்தியுண்டு. 1800 மார்ச் மாதத்தில் வங்காளப் புதிய ஏற்பாட்டின் முதற் பக்கத்தை வார்டு அச்சிட்டார். 1801 பிப்ரவரியில் நூல் முற்றுப்பெற்றது.

வங்க எழுத்துகளை வெட்டி வார்க்கத் துணை நின்றவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கம்மியர். அவர் தம் கலையை மருமகன் மனோகருக்குக் கற்பித்தார். கொல்லுலையில் வளர்ந்த அக்கைகளே இந்திய மொழிகள் பலவற்றுக்கு அச்சுரு தந்தவை. வார்டின் செய்தித்தாள் அனுபவமும் இக்கம்மியரின் கைத்திறனும் கேரியின் மொழிப் புலமையும் ஒன்றுகூடிய இடமே செராம்பூர் அச்சகம்.

1811 அளவில் அக்கூடம் எப்படியிருந்தது என்பதை வார்டே உறவினர் ஒருவருக்கு எழுதிய மடலால் அறிகிறோம். கூடத்தின் நீளம் 170 அடிக்கு மேல். வாயிலருகே ஒரு சிற்றறையில் வெள்ளைச் சட்டையுடன் வார்டு அமர்ந்து படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ கூடத்தைக் கண்காணித்திருப்பார். அடுத்துப் பண்டிதர்கள் மொழிபெயர்ப்பிலும் மெய்ப்பிலும் ஈடுபட்டிருப்பர். அப்பால் அரபு, பாரசீகம், நாகரி, தெலுங்கு, வங்காளம், ஒரியா, பர்மியம், சீனம் முதலிய எழுத்துப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அருகருகே நின்று எழுத்துக் கோப்பர். கோத்ததைக் கலைத்துப் பெட்டியிலிடுவர். அப்பாலே எழுத்து வார்ப்போரும் மை காய்ச்சுவோரும் நூற்கட்டுவோரும் இருப்பர்.

இதனைப் பள்ளிக்கூடம் என்று எவரும் பெயரிட்டதில்லை. ஆயினும் எழுதப்பட்டதை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதும், பிழை களைவதும், நீண்ட தொடரைப் பக்கத்துக்குள் அடக்குவதும், படிப்பவர் கண்ணுக்கு இசைவாகப் பத்தி பிரிப்பதும் அங்குதான் கற்பிக்கப்பட்டன. வார்டு நடத்திய பள்ளி அதுவே.

தீ தின்ற இரவு

1812 மார்ச் 11ஆம் நாள் மாலை வார்டு தம் மேசையருகில் இருந்தபோது, கூடத்தின் தென்கோடியில் தாள் அடுக்கியிருந்த பகுதியிலிருந்து புகை எழுந்தது. காற்றுப் புகுந்தால் நெருப்பு மூளும் என்று உணர்ந்து சன்னல்களையும் கதவுகளையும் அடைக்கச் செய்தார். கூரையில் துளையிட்டு அதன் வழியே நீர் ஊற்றச் செய்தார். பல மணி நேரம் தீ அடங்கியே கிடந்தது. உதவ வந்த எவரோ ஒரு சன்னலைத் திறந்துவிட, காற்றுப் புகுந்து தீ கூடம் முழுவதும் பரவியது. நள்ளிரவை ஒட்டிக் கூரை இடிந்து வீழ்ந்தது.

தாளும் ஈய எழுத்துகளும் அழிந்தன. கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாட் காலை மார்ஷ்மன் சென்று செய்தி சொன்னார். அதே காலையில் வார்டு சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். உருகிப்போன ஈயத்தினடியில், எழுத்து வார்ப்பதற்கு மூலமாகிய எஃகு அச்சுகள் கெடாமல் கிடந்தன! பக்கத்துக் கட்டடத்திலிருந்த அச்சியந்திரங்களும் தப்பியிருந்தன. அழிந்தவை அச்செழுத்துகள், அவற்றைப் பிறப்பிக்கும் மூலம் எஞ்சியிருந்தது. உருகிய ஈயத்தையே திரட்டி, வார்ப்போர் இரவு பகலாக மீண்டும் வார்க்கத் தொடங்கினர்.

தமிழுக்கும் இத்தீயோடு தொடர்புண்டு. கல்கத்தா விவிலியச் சங்கத்தாருக்காகப் பெப்ரீசியசின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடும் பணியைச் செராம்பூர் ஏற்றிருந்தது. தீக்குப் பிறகு, புதிதாக வார்க்கப்பட்ட எழுத்துகளைக்கொண்டு அந்நூல் அங்கே அச்சாயிற்று. வங்கக் கம்மியர் வார்த்த தமிழ் எழுத்து ஹூக்ளிக் கரையிலிருந்து தமிழ் மக்களுக்காக வந்தது.

இரு கைகளும் செய்தவை

வார்டின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. இந்துக்களின் எழுத்துகள், சமயம், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1811இல் செராம்பூரிலிருந்து நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர்த் திருத்திய பதிப்புகள் பல கண்டது. பத்திரிகையாளரின் கூர்ங்கண் அதிற் பக்கந்தோறும் தெரியும். எங்கும் சென்று, எவரையும் கேட்டு, எண்ணிக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நதியாவில் 31 வடமொழிப் பாடசாலைகளில் 747 மாணவர் பயின்றனர் என்ற கணக்கை அவர் தந்தார். வங்காளக் கல்வி நிலையைப் பின்னர் ஆராய்ந்த வில்லியம் ஆடம் 1835இல் அக்கணக்கை எடுத்தாண்டார்.

ஆனால் எண்ணிய கை தீர்ப்பும் எழுதியது. கோயிலையும் வழிபாட்டையும் பற்றி அவர் எழுதிய இடங்களில் வெறுப்பு மேலோங்கி நிற்கிறது. ஒரு மக்களின் தத்துவத்தையும் காவியத்தையும் கண்ட பின்னும், அவற்றை அம்மக்களின் வீழ்ச்சிக்குச் சான்றாகவே அவர் வைத்தார். உடன்கட்டையேறுதலைக் கண்டித்து அவர் எழுதியதில் உண்மையான இரக்கம் இருந்தது. அக்கொடுமை 1829இல் தடை செய்யப்படுமுன் கருத்துத் திரட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் ஒரு கொடுமையைக் கண்டிக்கும் குரலில் ஒரு நாகரிகம் முழுவதையும் கண்டித்தது அந்நூலின் பெருங்குறை. அரசின் அடக்குமுறையை எதிர்த்த டெர்பி இளைஞர், ஆளப்படும் மக்களைப் பற்றி எழுதுகையில் அவர்கள் தரப்பை அவர்கள் வாயாற் சொல்லவிடவில்லை.

அதே காலத்தில் அதே மனிதரின் அச்சுக்கூடம் செய்தது வேறு. கிருத்திவாசரின் வங்க இராமாயணமும் காசிராம் தாசரின் மகாபாரதமும் முதன்முதலாக அச்சேறியது செராம்பூரில், 1801 முதல் 1803 வரையான ஆண்டுகளில். வால்மீகியின் மூலமும் கேரி, மார்ஷ்மன் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்புமாக இராமாயணத் தொகுதிகள் 1806 முதல் அங்கே வெளிவந்தன. ஏட்டிலும் பாடகர் நாவிலும் வாழ்ந்த காவியங்களைப் பிரதி பிரதியாக மக்கள் கைக்கு அனுப்பியது, அக்காவியங்களின் தெய்வங்களை மறுத்த ஒருவரின் கூடம். வங்க உரைநடையின் தொடக்க நூல்களான ராம்ராம் பாசுவின் ‘ராஜா பிரதாபாதித்ய சரித்திரம்’ 1801இலும், மிருத்யுஞ்சய வித்யாலங்காரரின் நூல்கள் அதனையடுத்தும் அங்கேதான் அச்சாயின.

வார்டு எழுதிய நூலை இன்று வரலாற்று ஆய்வாளர் மட்டுமே எச்சரிக்கையோடு புரட்டுகின்றனர். அவர் கோப்பித்த கிருத்திவாசரோ வங்காளத்தின் வீடுதோறும் சென்று சேர்ந்தார். எழுதிய கையைவிட எழுத்துக் கோத்த கையே நீண்டு வாழ்ந்தது.

மாணவர் சென்ற வழி

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகப் பணியாற்றியவர்களுள் கங்காகிஷோர் பட்டாசார்யர் ஒருவர். அவர் செராம்பூரை விட்டுக் கல்கத்தா சென்றார். 1816இல் பாரத்சந்திரரின் ‘அன்னதாமங்கல்’ காவியத்தைப் படங்களுடன் வெளியிட்டார். படத்துடன் வந்த முதல் வங்க நூல் அது என்பர். 1818இல் ‘பெங்கால் கெஜட்’ என்னும் வங்கமொழி வார இதழைத் தொடங்கினார். இந்தியர் ஒருவர் நடத்திய முதல் வங்கச் செய்தித்தாள் அதுவே. டெர்பி அச்சகத்தில் தொழில் கற்று ஆசிரியரான வார்டின் கதை, செராம்பூர் அச்சகத்தில் தொழில் கற்று ஆசிரியரான ஒரு வங்காளியின் கதையாக மறுபடி எழுதப்பட்டது.

அதே 1818இல் செராம்பூரிலிருந்தும் ‘திக்தர்சன்’ திங்களிதழும், மே 23இல் ‘சமாசார் தர்ப்பண்’ வார இதழும் வெளிவந்தன. அரசின் சினத்துக்கு அஞ்சிக் கேரி தயங்கினார். முதல் இதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு அரசுக்கு அனுப்புவது, தடை சொன்னால் நிறுத்திவிடுவது என்று மார்ஷ்மன் கூறிய பின்னரே அவர் இசைந்தார். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு தடுக்கவில்லை. அஞ்சற் கட்டணத்திற் சலுகையும் தந்தார். அவ்விதழில் ஜயகோபால் தர்க்காலங்காரர் முதலிய பண்டிதர்கள் செய்தி எழுதும் உரைநடையைப் பழகினர்.

கற்ற எழுத்து கற்பித்தவரை நோக்கியும் திரும்பியது. 1821இல் ‘சமாசார் தர்ப்பண்’ இந்து சாத்திரங்களைக் குறை கூறும் மடலொன்றை வெளியிட்டது. அதற்கு விடையாக ராஜா ராம்மோகன் ராய் தாமே ‘பிராமணிக்கல் மேகசின்’ என்னும் இதழைத் தொடங்கினார். வார்டுக்குத் துணையாக வந்த டபிள்யூ. எச். பியர்ஸ் கல்கத்தாவில் நிறுவிய பாப்டிஸ்டு மிஷன் அச்சகம், கிறித்தவக் கொள்கை பற்றிய ராம்மோகனின் இறுதி மறுப்புரையை அச்சிட மறுத்தது. அவர் தமக்கென்றே அச்சகம் வைத்து 1823இல் அதனை வெளியிட்டார். எழுத்தைப் பரப்புவோர் அதனை யார் எதற்காகக் கையாள்வர் என்று வரையறுக்க இயலாது. பெர்சிவல் பாதிரியாருடன் விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்து யாழ்ப்பாணத்துச் சைவத்துக்கு அதனை வாளாகவும் கேடயமாகவும் ஆக்கியதை அறிந்த தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

இறுதி ஆண்டுகள்

உடல் நலிவுற்ற வார்டு 1819இல் இங்கிலாந்து சென்றார். 1818இல் தொடங்கப்பெற்ற செராம்பூர்க் கல்லூரிக்காக அங்கும், 1820இல் அமெரிக்கா சென்று அங்கும் நிதி திரட்டினார். அமெரிக்க நன்கொடையாளர் சிலர் தம் பணம் அறிவியல் கற்பிக்கச் செலவாகலாகாது என்று வரையிட்டனர். கேரி அதனை ஏற்காமல் வருந்தினார். 1820இல் செராம்பூரின் காகித ஆலையில் நீராவி எந்திரம் இயங்கத் தொடங்கியது. 1821இல் வார்டு தம் கூடத்துக்குத் திரும்பினார்.

செராம்பூர் மூவரும் தம் வருவாயைப் பொது நிதியில் இட்டு வாழ்ந்தவர்கள். இத்துணைப் பெரிய அச்சகத்தை நடத்தியும் வார்டு செல்வம் சேர்க்கவில்லை. 1823 மார்ச் 7ஆம் நாள், வாந்திபேதி கண்டு ஒரு நாளளவிலேயே அவர் உயிர் நீத்தார். அகவை 53. மூவரில் முதலில் மறைந்தவர் அவரே. அவர் உடல் செராம்பூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1801 முதல் 1832 வரை அவ்வச்சகம் 40 மொழிகளில் 2,12,000 படிகளை வெளியிட்டது என்பது வழங்கிவரும் கணக்கு. அப்படிகளின் முகப்பில் மொழிபெயர்த்தோர் பெயரும் இயற்றியோர் பெயரும் இருக்கலாம். எழுத்துக் கோத்தவர் பெயர் இராது. வார்டின் தீர்ப்புகளை மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பது வரலாற்றின் கடன். அம்மறுப்பை எழுதவும் அச்சிடவும் பழகிய முதல் தலைமுறையில் ஒருவரேனும் அவர் கூடத்திலிருந்து வெளிவந்தார் என்பதைச் சேர்த்து எழுதுவதும் அதே கடனின் பகுதியாகும்.